திறந்த காரும் கறுப்புக் கயிறும்

மேகம் கறுத்தால் எங்கள் தெருப் பெண்கள் கொடித் துணியை எடுக்க ஓடுவார்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் காரை மூட ஓடுவாள். அவளுடைய சேலை கொடியில் நனைந்துகொண்டிருக்கும். "அக்கா, சேலை!" என்று நான் கத்துவேன். "சேலை காயும் கண்ணு, சீட்டு காயாது" என்று பதில் வரும். அதற்குள் பாதிக் கூரை மேலே ஏறியிருக்கும்.

நான் ஓசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். பிறந்தது ராயக்கோட்டை. எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். அதிலும் பாதி விழுந்து கிடந்தது. அந்த இடைவெளி வழியாகத்தான் எங்கள் சிநேகிதம் வளர்ந்தது. அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஒரு கார் இருந்தது. தலைக்கு மேலே தகரம் இல்லாத கார். இளம்பச்சை நிறம். கித்தான் துணியில் ஒரு கூரை. வேண்டும்போது இழுத்து மூடலாம், வேண்டாதபோது மடக்கிப் பின்னால் தள்ளலாம். மத்திகிரிப் பக்கம் இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை ஊரைவிட்டுப் போகும்போது, அவருடைய குதிரைகளுக்குக் கொள்ளும் புல்லும் கொடுத்து வந்த அக்கா புருஷனுக்கு அதை விற்றுவிட்டுப் போயிருக்கிறார். புருஷன் தான் ஓட்டப் பழகி, மத்திகிரி சாலையில் பெண்டாட்டிக்கும் பழக்கிவிட்டு, கொஞ்ச காலத்தில் விஷக் காய்ச்சலில் போய்விட்டார்.

"சாகும்போது வண்டியைக் காப்பாத்தச் சொன்னாரா அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். எனக்கு அப்போது இப்படிப்பட்ட கதைகள் பிடிக்கும்.

"அதெல்லாம் ஒண்ணும் சொல்லல. தண்ணி கேட்டாரு, குடுத்தேன். வண்டிய வுடக்கூடாதுன்னு நானா முடிவு பண்ணிக்கிட்டதுதான்" என்றாள்.

அவள் குணம் முழுக்க அந்தப் பதிலிலேயே இருந்தது. செத்தவர் பெயரைச் சொல்லிக்கூட ஒரு காரியத்துக்கு நியாயம் தேடமாட்டாள். எனக்கு வேண்டும், என்னுடையது, விடமாட்டேன். அவ்வளவுதான் பேச்சு.

ஓசூர்த் தூறலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. மற்ற ஊரில் மழை வரும், கொட்டும், போகும். எங்கள் ஊரில் ஆடி பிறந்தால் மாவு சலித்த மாதிரி பொடிப்பொடியாக இறங்கிக்கொண்டே இருக்கும். குடை பிடித்தால் குடைக்கு உள்ளேயும் வரும். கித்தான் கூரை எத்தனை நாள் தாங்கும்? அக்கா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். தேன்கனிக்கோட்டைக் காட்டிலிருந்து வரும் தேன்மெழுகை வாங்கி, விளக்கெண்ணெயோடு அடுப்பில் உருக்கி, பழைய ஈச்சம் துடைப்பத்தால் கூரை முழுக்கப் பூசுவாள். அன்றைக்குத் தெருவே நாறும். என் மாமியார் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு இடிந்த சுவரோரம் வந்து நிற்பார்.

"ஏம்மா, வூட்டுல மனுசங்க இருக்கறதா வேண்டாமா?"

"இருங்க அத்தை, நல்லா இருங்க. நாத்தம் ரெண்டு நாளுல போயிரும். கூரை ஓட்டை வுழுந்தா எனக்கு யாரு தச்சுக் குடுப்பா, நீங்களா?"

மாமியாருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. எனக்கோ உள்ளூரக் குளிர்ந்துபோகும். நான் சொல்ல நினைத்து விழுங்கியதையெல்லாம் சொல்ல ஓர் ஆள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள் அல்லவா!

எலி, கோழி, வெயில், எல்லாவற்றோடும் அவளுக்குச் சண்டை இருந்தது. எலி கித்தானைக் கடிக்காமலிருக்க மடிப்புகளில் வேப்பிலை சொருகுவாள். தெருக் கோழிகள் பின் சீட்டில் ஏறி முட்டையிடும். வண்டியில் விழுந்த முட்டை வண்டிக்காரிக்கு என்று அவளாக ஒரு சட்டம் போட்டிருந்தாள். கோழிக்காரர்கள் வந்து கத்தினால், "சீட்டுக்கு வாடகை குடுத்துட்டு முட்டைய எடுத்துக்கிட்டுப் போ" என்பாள். வாடகை என்னவென்று யாரும் கேட்டதில்லை. முட்டையில் பாதி என் அடுக்களைக்கு வந்துவிடும் என்பதால் நானும் கேட்கவில்லை.

மழையைச் சமாளித்துவிடலாம். ஆளைச் சமாளிப்பதுதான் பாடு.

அக்காவுக்கு ஒரு கொழுந்தன் இருந்தான். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம், மைசூர் ராஜ்ஜியத்தில் வியாபாரம். அண்ணன் சொத்து தம்பிக்குத்தான், பிள்ளையில்லாத பொம்பளைக்குக் கார் எதற்கு என்பது அவன் கட்சி. வருவான், "வதினா" என்று அண்ணியைத் தெலுங்கில் அழைத்து உருகுவான், தோசை தின்பான், போகும்போது காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பான். பார்க்கிற பார்வை நமக்கே தெரியும். "அவன் கையில ஒருதடவ சாவி போச்சுன்னா வண்டி அத்திப்பள்ளி தாண்டிரும் கண்ணு. அங்க வேற ராஜ்ஜியம், வேற போலீசு. நான் இங்க நின்னு கத்தினா காத்துதான் கேக்கும்" என்பாள். அவள் பிழைப்பே அந்தக் காரில்தான் ஓடியது. நோயாளிகளை, பிள்ளைத்தாய்ச்சிகளைப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுவாள். கார் போனால் அந்தக் கொழுந்தன் வீட்டு மூலையில் போய் உட்கார்ந்து, போட்டதைத் தின்ன வேண்டியதுதான்.

அதனால் முன் அச்சில் சங்கிலி கோத்து, வாசலில் நட்டிருந்த கல்லுக்காலில் மாட்டைக் கட்டுவதுபோல் கட்டிப் பூட்டியிருப்பாள். அது ஊருக்குத் தெரிந்த பூட்டு. தெரியாத பூட்டு ஒன்று இருந்தது.

அவள் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு கிடக்கும். நுனி ரவிக்கைக்குள் போயிருக்கும். தாலி அறுத்தவள் கழுத்தில் கயிறா என்று ஊர் வாய்க்கு அது பெரிய தீனி. தாயத்து என்றார்கள் சிலர். எவனோ ஒருவனிடம் இரகசியமாகக் கட்டிக்கொண்டாள் என்றார்கள் பலர். குழாயடியில் என் காதுபடவே பேசினார்கள். அவள் காதிலும் விழுந்திருக்கும். வாயே திறக்கமாட்டாள், கயிற்றை மட்டும் நன்றாகத் தெரியும்படி எடுத்து வெளியே விட்டுக்கொண்டு குடத்தைத் தூக்குவாள்.

ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். சிரித்துக்கொண்டே கயிற்றை வெளியே இழுத்தாள். நுனியில் சின்னத் துணி முடிச்சு. அதை அவிழ்த்தால், கட்டைவிரல் அளவு ஒரு கறுப்புத் துண்டு. மேலே பித்தளைத் தகடு. இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு மூடி இருக்கிறதாம். அதற்குள் சுழல்கிற துண்டாம். அது இல்லாவிட்டால் எந்தக் கொம்பன் வந்தாலும் வண்டி உறுமாதாம். வண்டியை நிறுத்தியதும் அதைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்வாள்.

"தூறல்ல இது ஈரமாயிட்டாலும் வண்டி கெளம்பாது. என் மேல கெடந்தா சூடா, காஞ்சு இருக்கும். மழைக்கும் இதான் மருந்து, திருடனுக்கும் இதான் பூட்டு" என்றாள்.

"ஊர்ல என்னென்னமோ பேசறாங்களே அக்கா, சொல்லிடலாமில்ல?"

"சொன்னா பேச்சு நின்னுரும். வண்டி போயிரும். பேசட்டும் வுடு."

எனக்கு முதல் பிரசவ வலி எடுத்தது ஒரு விடியற்காலை. உள்ளூர் மருத்துவச்சி பார்த்துவிட்டுப் பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று கையை விரித்துவிட்டாள். விடாத தூறல். என் புருஷன், பாவம், வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்கிறார். அக்கா சுவரைத் தாண்டி வந்து, "என்னா வேடிக்க? தூக்குங்க அவள" என்றாள். செத்த புருஷனுடைய காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பின் சீட்டில் மாமியார் மடியில் நான். எங்கள் தலைக்கு மேலே கூரை சொட்டவே இல்லை. அவள் தலைக்கு மேலே மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது. மெழுகு போதாமல் பின்பக்கம் மட்டும் பூசியிருந்தாளாம். வழியெல்லாம் மாமியார் ஒரு கையால் அந்த ஒழுகலை அவள் தலையில் விழாமல் பிடித்துக்கொண்டே வந்தார். மெழுகு நாற்றத்துக்குச் சண்டை போட்ட அதே கை. என் மகன் அன்று மத்தியானம் பிறந்தான்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், என் தம்பி கல்யாணத்துக்காக.

தம்பிக்கு ஓசூரிலேயே பெண் பார்த்தோம். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும் என்று எங்கள் அப்பாவுக்கு ஆசை. அந்த நாளில் அது ஒரு பெரிய கௌரவம். கோயிலிலிருந்து பெண் வீடு வரை மாப்பிள்ளை திறந்த காரில் மாலையும் தலைப்பாகையுமாக உட்கார்ந்து வரவேண்டும், இரண்டு பக்கமும் கேஸ்லைட், முன்னால் நாகஸ்வரம். மூடிய காரில் போனால் மாப்பிள்ளையை யார் பார்ப்பது? ஊரிலிருந்த ஒரே திறந்த கார் அக்காவுடையது. ஆனால் அதுவரை அந்தக் கார் ஒரு கல்யாணத்துக்கும் போனதில்லை. ஏன் என்று கேட்க வேண்டுமா? மாப்பிள்ளைக்கு முன்னால் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு விதவை உட்கார்ந்திருந்தால் சகுனம் என்னாவது!

அப்பா ராயக்கோட்டையில் நிலபுலத்தோடு வாழ்ந்தவர். நல்லவர். ஊர் என்ன சொல்லுமோ என்பதற்கு மட்டும் நடுங்குவார். என்னைத்தான் தூது அனுப்பினார்: வண்டி மட்டும் வேண்டும், டிரைவரை நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.

"வண்டி வரும். நானும் வருவேன். நான் இல்லாம வண்டி வராது" என்றாள் அக்கா.

"எங்கப்பா என்ன திருடரா அக்கா?"

"ஒங்கப்பா தங்கம். டிரைவரு யாரு? அவனுக்கு என் கொழுந்தன் என்ன குடுப்பான்னு ஒங்கப்பாவுக்குத் தெரியுமா? வேற ஆளு கையில வண்டியக் குடுத்தா அன்னிக்கே அது என்னோடது இல்ல. போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னேன். அப்பா முகம் சுண்டிப்போயிற்று. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அந்தக் கொழுந்தன் மோப்பம் பிடித்து அப்பாவிடம் வந்ததும், "அண்ணன் வண்டி, எனக்குப் பாத்தியதை உண்டு, நானே டிரைவரோடு கொண்டுவந்து நிறுத்துகிறேன்" என்று வாக்குக் கொடுத்ததும் எனக்குத் தெரியாது. உரிமைக்காரனே தருகிறான் என்று அப்பா நம்பிவிட்டார்.

வைகாசி மாதம். அழைப்பு அன்று சாயங்காலம், அக்கா சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கொழுந்தனும் அவன் கொண்டுவந்த டிரைவரும் ரம்பத்தால் சங்கிலியை அறுத்துவிட்டார்கள். கார் கிளம்பவில்லை. முன்னால் இரும்புத் தடியைச் சொருகிச் சுற்றினார்கள். கிளம்பவில்லை. எங்கள் பங்காளிகளெல்லாம் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெங்களூர் சாலை வரை தள்ளினார்கள். அங்கே பிள்ளையார் கோயில் எதிரே வண்டி நின்றது, கூரை மடங்கி, நாலு மூலையிலும் வாழைக்கன்றோடு. கோயிலுக்குள் சீர்த்தட்டு அடுக்கிக்கொண்டிருந்த நான் சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்தேன். தம்பி கோயில் வாசலில் மாலையும் கழுத்துமாக விழித்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில்தான் அக்கா சந்தைப் பையோடு வந்தாள். ஓடி வரவில்லை, கத்தவில்லை. பக்கத்திலிருந்த சின்னப் பாலத்துக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து, பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்து உரித்துத் தின்ன ஆரம்பித்தாள். எதிரே பத்துப் பேர் இன்ஜினுக்குள் தலையை விட்டிருந்தார்கள்.

வழியோடு போன பஸ் மெக்கானிக் ஒருவரைப் பிடித்துவந்தார்கள். அவர் ஒரு மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "உள்ள இருக்கவேண்டிய சாமானே இல்லீங்களே! யாரோ கழட்டியிருக்காங்க" என்றார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ பக்கத்து வூடுதானே, ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். சொல்லமாட்டேன்" என்றேன். அப்பாவிடம் அப்படி நான் பேசியது அதுதான் முதல் தடவை.

நான் சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கொழுந்தன் கண் அக்காவின் கழுத்துக்குப் போய்விட்டது. அவன் முட்டாள் இல்லை. "வதினா, அதைக் கழட்டிக் குடு. கல்யாண நேரம்" என்று கையை நீட்டிக்கொண்டு நெருங்கினான்.

அக்கா எழுந்தாள். மடியிலிருந்த கடலைத் தோலைத் தட்டினாள். கயிற்றை வெளியே இழுத்து, அந்தக் கறுப்புத் துண்டு எல்லோருக்கும் தெரியும்படி பிடித்தாள்.

"ஒருதடவ ஒங்க வூட்டு ஆளுங்க என் கழுத்துல இருந்த கயித்த அறுத்தீங்க. அவரு போயிட்டாரு, சரின்னு குனிஞ்சு குடுத்தேன். இது நான் போட்டுக்கிட்ட கயிறு. வாடா, கை வையி. இத்தினி பேரு பாக்கறாங்க, பொம்பள கழுத்துல கை வையி பாக்கலாம்!"

நாகஸ்வரக்காரர் வாத்தியத்தை இறக்கிவிட்டார். அவனுடைய நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அதற்குமேல் ஓரங்குலம் நகரவில்லை. குழாயடியில் அந்தக் கயிற்றைப் பற்றிக் கதை கட்டியவர்கள் பாதிப்பேர் அங்கேதான் நின்றிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்றே பார்த்தேன்.

அப்போது பளாரென்று மழை. கோடை மழை, ஆலங்கட்டியோடு. பட்டு வேட்டிகளெல்லாம் கோயிலுக்கும் கடைக் கூரைகளுக்கும் ஓடின, கொழுந்தனும் ஓடினான். "ஐயோ, சீட்டு!" என்று அக்கா பாய்ந்தாள். கூரையைத் தூக்க ஒருத்தியால் முடியும். காற்றில் இழுத்து மாட்ட இன்னொரு கை வேண்டும். கல்யாணப் பட்டோடு நான் பாய்ந்தேன். மண்டையில் கட்டி விழுகிறது, விரல் நசுங்குகிறது, "இழு கண்ணு, இழு! அந்தக் கொக்கிய மாட்டு!" என்று அவள் கத்துகிறாள். மாட்டினோம். திரும்பிப் பார்த்தால் தம்பி மாலையோடு ஓடிவந்து பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். கோயிலில் நிற்க இடமில்லையாம்.

மழை வந்த வேகத்தில் நின்றது. அப்பா சேற்றில் கால் வைத்து வந்தார். "எறங்குடா. நடந்தே போலாம்" என்றார்.

எனக்கு எங்கிருந்து ஆங்காரம் வந்ததோ தெரியாது. "எதுக்கு எறங்கணும்? ஒங்க பேரன் பொறந்தது யாரு ஓட்டிக்கிட்டுப் போயி? பிள்ள பெத்துக்க இவ ஆவும், கல்யாணத்துக்கு ஆவாதா? நல்லா இருக்குதுப்பா ஒங்க நாயம்!" என்று நடுச்சாலையில் கேட்டேன்.

"நான் எறங்கல. அக்கா ஓட்டட்டும்" என்றான் தம்பி.

அப்பா மெல்ல இறங்கிவந்தார். பாதிதான் வந்தார். "சரிம்மா, நீயே ஓட்டு. கூரை மட்டும் மூடியே இருக்கட்டும். ஓட்டறது யாருன்னு தெரியாம இருக்கும்" என்றார்.

அக்கா ஸ்டியரிங்கில் ஏறப்போனவள் நின்றாள். "கூரை மழைக்குத்தாங்க. மனுசங்களுக்குப் பயந்து மூடிக்கிட்டு நான் ஓட்டமாட்டேன்."

தம்பி சீட்டின்மேல் எழுந்து நின்று, மாலை கசங்க, கொக்கியைத் தானே கழற்றினான். நான் மறுபக்கம் கழற்றினேன். கூரை மடங்கிப் பின்னால் விழுந்தது. அக்கா கயிற்றை அவிழ்த்து, துண்டை மூடிக்குள் பொருத்தி, இரும்புத் தடியைத் தானே சுற்றினாள். ஒரே சுற்றில் வண்டி உறுமியது. கொழுந்தன் எந்தப் பஸ்ஸில் ஏறினான் என்று யாரும் கவனிக்கவில்லை. பெண் வீடு வரைக்கும் தெருவெல்லாம் சனம். மாப்பிள்ளையைப் பார்த்தவர்களைவிட ஓட்டியவளைப் பார்த்தவர்கள்தான் அதிகம். பார்க்கட்டும் என்று அவள் மெதுவாகத்தான் ஓட்டினாள். அப்பா வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தார்.

வாசலில் பெண்ணின் அம்மா ஆரத்தித் தட்டோடு வந்து, அக்காவைப் பார்த்துத் தயங்கினாள். அக்காவே சொன்னாள்: "மாப்பிள்ளைக்குச் சுத்துங்க, வண்டிக்கும் சுத்துங்க. எனக்கு வேண்டாம். என்மேல கண்ணு வெச்சவங்கதான் நொந்து போயிருக்காங்க." கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு பெண்ணின் அம்மாவும் சிரித்துவிட்டாள். தட்டைச் சுற்றும்போது அது அக்காவையும் சேர்த்துத்தான் சுற்றியது. நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

தம்பியை உள்ளே அழைத்துப் போனார்கள். அக்கா போகவில்லை. வண்டியை நிறுத்தினால் செய்யவேண்டிய வேலை ஒன்று பாக்கி இருந்ததே. கேஸ்லைட் வெளிச்சத்தில், அத்தனை சுமங்கலிகளும் பார்த்துக்கொண்டிருக்க, மூடியைத் திறந்து அந்தத் துண்டை எடுத்தாள், துணியில் முடிந்தாள், கயிற்றில் கோத்தாள். கயிற்றைக் கழுத்தைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோனாள். நான் கட்டிவிடட்டுமா என்று கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். மூன்று முடிச்சையும் அவளே போட்டுக்கொண்டாள். பிறகு தலைவாசல் வழியாக, கல்யாண வீட்டுக்குள் போனாள்.